நாக்குப் பொட்டு

சுடலைமணி கடைசியாகக் கோபப்பட்டது என்றைக்கு என்று கேட்டால் அவன் பெண்டாட்டி சந்தனமாரிக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் அவன் கோபப்படாத நாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தருவைமேட்டு உப்பளத்துக்குக் குடிதண்ணீர் லாரி வரவில்லையென்றால் முதல் சத்தம் அவனுடையது. உப்பு வாருகிற பெண்கள் ஒதுங்குவதற்கு நாலு தட்டி வைத்து மறைப்புக் கட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் கங்காணி தவசியின் பைக் சாவியையே பிடுங்கி மடியில் செருகிக்கொண்டான். மறைப்பு வந்த பிறகுதான் சாவி திரும்பிப் போனது.

"உப்பு போட்டுத்தானல சோறு திங்கோம்?" என்பான், பேச்சுக்குப் பேச்சு. ஊர் உலகத்தில் எல்லோரும் சொல்கிற சொல்தான். சொரணை உள்ளவன் உப்பு போட்டுத் தின்கிறவன், சொரணை கெட்டவன் உப்பில்லாமல் தின்கிறவன். ஆனால் விடிந்ததிலிருந்து முழங்கால் மட்டும் உப்புத் தண்ணீரில் நிற்கிறவன் அதைச் சொன்னால் கேட்கிறவனுக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் உப்புப் பாத்திக்குள் நிற்கும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கையிலிருந்த உப்பு வாருகிற பலகை நழுவியது. நாற்பது வயதுகூட ஆகவில்லை, பாவி மனுஷனுக்கு. ரத்தக்கொதிப்பு என்றார்கள். இந்தத் தடவை தப்பித்தாயிற்று, இன்னொரு தடவை வந்தால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். வாய் நேராகிவிட்டது, கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாத்திரையைப் பாதி நாள் மறந்தான். கருவாடோ ஊறுகாயோ இல்லாமல் அவனுக்குக் கஞ்சி தொண்டைக்குள் இறங்காது. சந்தனமாரிக்கு அன்றைக்குப் போன உறக்கம் அப்புறம் வரவேயில்லை.

தருவைமேட்டில் இது புதுச் சங்கதியுமல்ல. சந்தனமாரியின் அப்பன் இப்படித்தான் போனான், மாமனாரும் இப்படித்தான் போனார். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, நெஞ்சுவலி என்று வீட்டுக்கு ஒரு மாத்திரை டப்பா உண்டு. பணக்கார வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். அது எப்போது வழி தவறித் தருவைமேட்டுக்கு வந்து குடியேறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொட்டு வந்தது. அரசாங்கத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்குள் நுழைந்த அன்றைக்கே அந்தப் பெயர் போய், நாக்குப் பொட்டு என்று ஆகிவிட்டது. ஒட்டுப்பொட்டு மாதிரியே இருக்கும், பனங்கற்கண்டு நிறம். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், வருஷக்கணக்கில் இருக்கும், இருப்பதே தெரியாது.

பொட்டு ஒட்ட வந்த நர்சு ஜெபராணி பக்கத்து ஊர்க்காரிதான். சந்தனமாரி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

"இது மருந்து இல்லக்கா. நாக்கு மூளைக்குச் சொல்லுத சேதிய மட்டும் மாத்தும். உப்பே போடாத கஞ்சியக் குடிச்சாலும், உப்பு அளவா இருக்குன்னு சொல்லிரும். அதுக்கு மேல நீங்க ஒரு கல்லு உப்பு போட்டாக்கூட வாயில வைக்க முடியாது, அப்படிக் கரிக்கும். ருசியும் கெடாது, கொதிப்பும் ஏறாது."

சந்தனமாரிக்கு அது சாமியே வாசலில் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. சுடலைமணி மட்டும் நம்பவில்லை. எங்களுக்குக் கொதிப்பு உப்பால மட்டுந்தான் வருதா என்று கேட்டான். ஜெபராணி நேர்மையான பெண். இல்லை என்றுதான் சொன்னாள். புகையிலை இருக்கிறது, சாராயம் இருக்கிறது, ஓய்வில்லாத வேலை, காய்கறி கண்ணில் படாத சாப்பாடு, தகரக் கூரைக்கடியில் உறக்கம் வராத ராத்திரி, எல்லாம் சேர்ந்துதான் கொல்கிறது என்றாள். அப்படியென்றால் உப்பை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்று அவன் விடவில்லை.

"அண்ணே, மத்ததுக்கெல்லாம் பொட்டு கண்டுபிடிக்கலயே," என்றாள் ஜெபராணி.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சுடலைமணி மாத்திரம் சிரிக்காமல், "ஏளா, உப்பளத்துக்காரன் நாக்குக்கே பூட்டுப் போட வந்திருக்காவ, நீ பாத்துக்கிட்டு இருக்கே," என்று சந்தனமாரியிடம் சொல்லிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் விடுகிற ஆளா? முதலில் தன் நாக்கை நீட்டி ஒட்டிக்கொண்டாள். அவன் திரும்பி வந்ததும், எனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் நீங்களும் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நானும் ரதியும் எங்க அம்மை வீட்டைப் பார்க்கப் போய்விடுகிறோம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரதி அவர்களுடைய ஒரே மகள், செல்வரதி. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. என் மகள் கால் பாத்திக்குள் படாது என்று சந்தனமாரி கோயில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். மகளுக்காகவாவது இந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கடைசியில் சுடலைமணி நாக்கை நீட்டினான். அவனுக்குப் பின்னால் ரதியும் நீட்டினாள்.

பொட்டு சொன்னதைச் செய்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாதா மாதம் ஜெபராணி வந்து கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கும்போதெல்லாம் கொதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. சுடலைமணிக்கு மட்டுமல்ல, ஊருக்கே. கருவாட்டுக்காரி தெருவுக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். ஊறுகாய் ஜாடிகளைப் பெண்கள் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். மலை மலையாக உப்பைக் குவித்துவிட்டு வருகிற ஜனம் வீட்டில் ஒரு சிட்டிகை உப்பில்லாமல் சாப்பிட்டது. சந்தனமாரி அந்த வருஷம்தான் நன்றாக உறங்கினாள்.

கேலிக்கும் குறைவில்லை. யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் பதில் சொல்லாமல் விட்டுக்கொடுத்தால், மற்றவன், "உப்பு போட்டுத் தின்னாத்தானே சொரணை இருக்கும்," என்பான். இருவரும் சிரிப்பார்கள். சிறு பிள்ளைகள்கூட இதைச் சொல்லி விளையாடின. போகப்போக அந்தக் கேலியையும் யாரும் அதிகமாகச் சொல்லவில்லை. சொன்னாலும் சிரிப்பதற்கு ஆளில்லை.

சுடலைமணி அமைதியாகிவிட்டான். சாராயக்கடைப் பக்கம் போகவில்லை. போகக்கூடாது என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை, போகத் தோன்றவில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் எல்லோரோடும் சேர்ந்து அவனும் வரப்பில் உட்கார்ந்திருந்தான். பெண்களின் மறைப்புத் தட்டி காற்றில் சரிந்து விழுந்தபோது அதைத் தாண்டி நடந்து போனான். தவசிக்கு முதலில் பயமாகக்கூட இருந்ததாம், இவன் ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறான் என்று. பிறகு பழகிவிட்டது. தருவைமேட்டில் அடிதடி இல்லை, புகார் இல்லை, போலீசுக்கு வேலையில்லை என்று பொட்டு ஒட்டுகிற அரசாங்கத் திட்டத்துக்காரர்கள் பெரிய கூட்டம் போட்டுப் பெருமையாகப் பேசினார்கள். கொதிப்பு இறங்கினால் மனமும் இறங்கும் என்று ஒருவர் சொன்னார். ஊர் கைதட்டியது, கொஞ்சம் மெதுவாக.

சந்தனமாரிக்கு இதெல்லாம் நிம்மதி. இத்தனை வருஷம் அடுப்பில் கைவைத்த மாதிரி இருந்தவள் இப்போது குளத்துத் தண்ணீரில் காலை விட்ட மாதிரி இருந்தாள். வாசலில் காயப்போட்ட வற்றலைக் காக்கை வந்து தின்னும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், போகட்டும் போகட்டும் என்றிருக்கும். சுடலைமணி சில நாள் பலகையை எங்கே வைத்தோம் என்று மறந்து நின்றான், நடக்கும்போது வரப்பில் தள்ளாடினான். அவளுக்கும் அடிக்கடி தலை வலித்தது. வயசாகிறது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் தவசி வீட்டுக்கு வந்தான். சுடலைமணி முன்னைப்போல ஓடியாடி வேலை பார்ப்பதில்லை, பாத்தியில் உப்பு விளைந்து அப்படியே கிடக்கிறது, இன்னொரு கை கூடினால் நல்லது என்று சுற்றி வளைத்தான். பிறகு ரதியைப் பார்த்துக்கொண்டே, பரீட்சைதான் முடிந்துவிட்டதே, பிள்ளை வீட்டில் சும்மாத்தானே இருக்கிறது என்றான். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வரட்டும், படித்து யார் வீட்டில் விளக்கேற்றப் போகிறது என்று அவனே அதையும் சேர்த்துச் சொன்னான்.

சந்தனமாரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரதி அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அம்மா இப்போது கழுவுகிற சட்டியைத் தூக்கி எறிவாள், கங்காணி தலைதெறிக்க ஓடுவான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வேண்டும்.

"சரி, அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். ரதி உள்ளே போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் சரி என்றான். அப்படித்தான் அந்தப் பிள்ளையின் கால் பாத்திக்குள் பட்டது.

வெயில் ஏறிக்கொண்டே போன ஒரு பகலில் சுடலைமணி உப்பு வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே குப்புற விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பாத்தியிலேயே உயிர் போனால் வம்பு என்று தவசி உப்பு ஏற்ற வந்த வண்டியிலேயே அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த சந்தனமாரி கூடவே ஏறிக்கொண்டாள். ரதி தலையில் உப்பு அள்ளிய ஓலைப்பெட்டியோடு வரப்பில் நின்று வண்டி போவதைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் பழைய விவரத்தைப் பார்த்தவுடன், மறுபடியும் வாதம்தான், மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். படம் எடுக்க வரிசை இருந்தது. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் மெஹருன்னிசா கட்டிலருகே நின்று, இவர் வழக்கமாக எப்படிப்பட்ட ஆள், சமீபத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று விசாரித்தாள். சந்தனமாரி ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருந்தாவ என்றாள். தவசிக்கு வாய் சும்மா இருக்காதே. டாக்டரை இளக வைப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு இளிப்போடு சொன்னான்.

"முன்னெல்லாம் பெரிய சண்டியரு, மேடம். இப்பந்தான் உப்பு போட்டுத் திங்கதில்லையே, சொரணை எங்கிட்டு இருந்து வரும்? ஊரே அப்படித்தான் கெடக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் தமிழச்சிதான், அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"என்ன சொன்னீங்க? உப்பு போட்டுச் சாப்பிடறதில்லையா?"

தவசி பொட்டு விஷயத்தைச் சொன்னான். டாக்டர் சுடலைமணியின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். படத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் ரத்தத்தை எடுத்து உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், ஓடுங்கள் என்று நர்சை விரட்டினாள். முடிவு வந்தபோது அவள் அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சுடலைமணியின் கையில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஏறியது, துளித்துளியாக, மெதுவாக. வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று சொல்லி அவளே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

பிறகு சந்தனமாரியைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வாதம் இல்ல. உடம்புல உப்பே இல்லாமப் போயிருக்கு. உப்பு கூடினா கொதிப்பு, அது உண்மை. உங்க ஊர்ல குறைக்கச் சொன்னதும் சரிதான். ஆனா இந்தப் பொட்ட முதல்ல யாருக்கு ஒட்டிப் பாத்தாங்க? ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை செய்யிறவங்களுக்கு. வாய்க்குள்ள என்ன போகுதுன்னு பாத்தாங்க. வேர்வையில என்ன போகுதுன்னு யாரும் பாக்கல. நாள் பூரா வெயில்ல வேர்த்து ஊத்துற உடம்பு, உப்பு வேணும்னு கேக்கும். அந்தக் கேள்விய இந்தப் பொட்டு வாயிலயே அடைச்சிருச்சு."

சந்தனமாரி தலையாட்டினாள்.

"உடம்புல உப்பு இறங்கினா மூளை மந்தமாயிரும். மறதி வரும், தள்ளாடும். கோபம் வராது, அழுகை வராது, எது நடந்தாலும் போகட்டும்னு இருக்கும். நீங்க எல்லாரும் அத கேலியாச் சொல்லிட்டு இருந்திருக்கீங்க. யாராவது ஒருத்தர் நிசமாச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா ஆளு செத்திருப்பாரும்மா. இப்பவும் முழுசாத் தப்பிச்சிட்டார்னு சொல்ல மாட்டேன்."

"சரி," என்றாள் சந்தனமாரி.

டாக்டர் மேலே பேச வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். சந்தனமாரியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் சொன்னது புரிந்ததா, உங்கள் புருஷன் செத்துப்போயிருப்பார் என்று சொன்னேன் என்றாள். புரிந்தது, சரி என்றாள் இவள் மறுபடியும். டாக்டர் அவள் தாடையைப் பிடித்து, "நாக்க நீட்டுங்க," என்றாள்.

அங்கேயே பெஞ்சில் வைத்து அவள் ரத்தத்தையும் எடுத்தார்கள். அந்த முடிவும் வந்தது. புருஷனுக்கு இருந்ததைவிடப் பெண்டாட்டிக்கு உப்பு குறைவாக இருந்தது. அவளும் பாத்தியில் நின்றவள்தான், வீட்டில் அடுப்படி வெக்கையிலும் நின்றவள். விழாமல் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். பஞ்சை ஏதோ திரவத்தில் நனைத்துத் தடவி, அவள் நாக்கிலிருந்த பொட்டை டாக்டர் பிய்த்தெடுத்தாள். அவளைப் புருஷன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். அவள் அதற்கும் சரி என்றாள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தபோது சந்தனமாரிக்கு நாக்கில் உப்பு தெரிந்தது. அளந்து போட்ட உப்பு. பொட்டு சொன்ன பொய் உப்பில்லை, நிசமான உப்பு, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று. அதோடு கூடவே வேறு என்னென்னவோ வரத் தொடங்கியது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பக்கத்துக் கட்டில் குழந்தை அழுவது காதில் அறைந்தது. புருஷன் கையில் ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த இடத்தை எட்டித் தடவினாள். இந்த மனுஷன் செத்திருப்பான் என்று அந்தம்மா சொன்னாளே என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கண்ணீர் உதட்டுக்கு வந்தது, கரித்தது. எத்தனை மாதமாயிற்றோ அழுது.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிள்ளை முகம் ஞாபகம் வந்துவிட்டது. கழுவுகிற சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, அம்மா இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று காத்திருந்த முகம். அன்றைக்கு அந்த முகத்தை அவள் பார்த்தாள்தான். பார்த்துக்கொண்டேதான் சரி என்றாள். பள்ளிக்கூடம் திறந்து எத்தனை நாளாயிற்று?

"ஏங்க, ரதி எங்க?" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

சுடலைமணி கண் விழித்திருந்தான். பேச்சு வந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினான். பாத்தியில என்றான். சொல்லிவிட்டு அவனும் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் கலங்கியது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், தோள் குலுங்கியது. பழைய சுடலைமணியாக இருந்தால் கட்டிலையே உடைத்திருப்பான். அந்தக் கோபம் அவனுக்கு இனி முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

அப்போதே பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தனமாரியை ஆஸ்பத்திரியில் விடவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். பொட்டு எடுத்தாயிற்று, இனி கொதிப்பு மறுபடி ஏறப் பார்க்கும். மாத்திரை ஒரு வேளை தவறக்கூடாது. கருவாடு வேண்டாம், கஞ்சிக்கு உப்பு அளவாகப் போடலாம். உச்சி வெயிலில் நிழலில் உட்கார வேண்டும், குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் ஆள் தாங்க மாட்டார் என்றாள். பொட்டைப் பற்றி மேலே எழுதியிருப்பதாகவும், பதில் வரவில்லை என்றும் சொன்னாள்.

"உப்பளத்துல நிழலு ஏதும்மா?" என்றாள் சந்தனமாரி.

"மாத்திரைய நான் எழுதித் தரலாம். நிழல எழுதித் தர முடியாதும்மா."

அவள் அதை மனசில் வாங்கிக்கொண்டாள். புருஷனை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பும் மாத்திரையும் எடுத்து வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள். உச்சி நேரம். வெள்ளை வெளேரென்று கண் கூசியது. சுமந்து வந்து கொட்டுகிற தட்டுமேட்டில் குவிந்திருந்த உப்பைத் தவிர நிமிர்ந்து நிற்கிற பொருள் ஒன்று கிடையாது. பெண்கள் வரிசையாகப் பெட்டி சுமந்துகொண்டிருந்தார்கள், ஒரு பேச்சில்லை, ஒரு சிரிப்பில்லை. நானும் இப்படித்தானே நடந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே வரப்பில் இறங்கினாள்.

ரதி வரிசையில் கடைசியாக வந்தாள். தலைமேல் பெட்டி. கால் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. சந்தனமாரி நேரே போய் அந்தப் பெட்டியை வாங்கிப் பாத்திக்குள்ளேயே கவிழ்த்தாள். மகள் நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் நாக்கிலும் அந்தப் பாழாய்ப்போன பொட்டு இருக்கிறது, அதை முதலில் எடுக்க வேண்டும். ஆனாலும் கட்டிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே இன்னும் ஏதோ மிச்சமிருந்தது, தெய்வமே.

தவசி பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். சந்தனமாரி அவனிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். என் மகள் நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். எங்க வீட்டுக்காரவுக உடம்பு தேறி வேலைக்கு வரும்போது தட்டுமேட்டில் ஒரு கொட்டகை இருக்க வேண்டும். உச்சி வெயிலில் எல்லோரும் அதில் உட்காருவோம். தண்ணீர் லாரி தினமும் வர வேண்டும். அவள் பேசப் பேசத் தவசிக்கு வாய் பிளந்தது. இத்தனை வருஷத்தில் புருஷன் சத்தம் போடும்போது சும்மா இருங்க என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் இவள்.

பிறகு அவன் சுதாரித்துக்கொண்டான். குரலைக் குழைத்தான்.

"தங்கச்சி, நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? கொட்டகை எதுக்கு, செலவு எதுக்கு? மேல இருந்து சேதி வந்திருக்கு. புதுசா ஒரு பொட்டு குடுக்கப் போறாவளாம். பிடரியில ஒட்டிக்கிட்டா வெயிலே தெரியாதாம், தாகமும் எடுக்காதாம். முதல்ல நம்ம ஊருக்குத்தான். நம்ம ஊரு ஜனம் நல்லா ஒத்துழைக்குதுன்னு அவுகளுக்குத் திருப்தி. அது வர வரைக்கும் பொறுத்துக்க. புள்ளையும் இருக்கட்டும். என்ன, சரியா?"

பெட்டி சுமந்த பெண்கள் நின்றிருந்தார்கள். கேட்பதற்காக நின்றார்களா, நடப்பதற்கு மறந்து நின்றார்களா என்று சொல்ல முடியாது.

"சரியில்ல, அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்டவெளியில் வெகுநாளாக யாரும் சொல்லாத சொல் அது. தவசி ஒரு எட்டு பின்னால் போனான். சந்தனமாரி மகளைக் கூட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டகைக்குக் கால் நடுகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றாள். இரு, எத்தனை நேரம் இருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான். வெயில் தலையில் இறங்கியது. அவளுக்குத் தாகம் எடுத்தது, நன்றாகவே எடுத்தது.

பெண்கள் பெட்டியோடு அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அடுத்த வீட்டு முத்துப்பேச்சி மட்டும் நாலைந்து நடை போய்வந்த பிறகு அவளுக்கு எதிரில் நின்றாள். நின்றவள் எதற்கு நின்றோம் என்று யோசித்தாள். யோசனை வெகுதூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி அவள் முகத்தில் மெதுவாக வந்தது.

"மாரி, நீ என்னமோ மாதிரி பேசுத. ஒன் நாக்கக் காட்டு, பாப்போம்."

சந்தனமாரி நாக்கை நீட்டினாள். வெறும் நாக்கு. நடுவில் மட்டும் வட்டமாக ஒரு தடம், புதுத்தோல் போலச் சிவந்திருந்தது. முத்துப்பேச்சி குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த பெண்ணும் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து முத்துப்பேச்சி தலையிலிருந்த பெட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கும் எடுத்து விடுதியா?" என்று கேட்டாள்.